தண்ணியில் விழுந்த போனை ஓன் பண்ணிப் பார்க்காதீர்கள்

போன ஆவணியில் ஒரு ரீச்சர் கடைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பா நிறையச் சம்பா அரிசி, அரிசிக்குள் போன். மட்டக்களப்புப் பக்கம் குருமன்வெளியில் பாதையால் இறங்கும்போது கைப்பையிலிருந்து நழுவி வாவிக்குள் விழுந்துவிட்டதாம். (பாதை என்றால் நம் பக்கத்தில் வாவியைக் கடக்கும் மிதவை. வெளியூர்க்காரர்கள் தார் ரோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) கூட வந்த பொடியன் ஒருவன் குதித்து எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"தம்பி, மூணு நாளா அரிசிக்குள்ளதான் வெச்சிருந்த நான். முதல் நாள் நல்லா வேல செஞ்சது. சார்ஜும் போட்டுப் பார்த்த நான். இப்ப ஓன் ஆகுதில்ல."

கல்லடியில் 12 வருடமாகப் போன் திருத்துகிறேன். இந்த நான்கு வசனங்களையும் இதே வரிசையில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை.

போனைத் திறந்தேன். சார்ஜிங் பின்னைச் சுற்றிப் பச்சை. பற்றரி இணையும் இடத்தில் பச்சை. பூசை அறைச் செம்பைக் கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் படியுமே, அதே களிம்புதான். செம்பில் அது பிடிக்க நாள்கணக்கு ஆகும், புளி போட்டு விளக்கினால் போய்விடும். போனுக்குள் அப்படியில்லை. மதர்போட்டில் மயிரிழை இடைவெளியில் செப்புக் கோடுகள் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவில் உப்புத் தண்ணீர் நின்று, பற்றரியிலிருந்து மின்சாரமும் வந்தால், ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து மறுபக்கம் போய்ப் படியும். பள்ளிக்கூடத்தில் மின்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். சில மணித்தியாலம் போதும், ஒரு கோடு அறுந்துவிடும்.

ஆகவே வெறும் தண்ணீரைவிட, தண்ணீர் உள்ளே நிற்கும்போது ஓடும் மின்சாரம்தான் போனைக் கொல்கிறது. "வேலை செய்யுதா" என்று பட்டனை அழுத்திப் பார்ப்பதும், "சார்ஜ் இறங்கியிருக்கும்" என்று சார்ஜரைக் குத்துவதும்தான் பெரும்பாலான போன்களை என் மேசைக்குக் கொண்டுவருகின்றன. முதல் நாள் வேலை செய்தது நல்ல சகுனமில்லை. களிம்பு பிடிக்கத் தொடங்கிய நாள் அது.

அரிசிக்கு வருவோம். அரிசி தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் நிற்பது சில்லுகளுக்கு (சிப்) அடியில், தகர மூடிகளுக்குள். வெளியே கிடக்கும் அரிசிக்கு அங்கே என்ன வேலை? அப்படியே தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேதான் இருக்கும். போதாததற்கு அரிசித் தவிடு சார்ஜிங் பின்னுக்குள் புகுந்துகொள்ளும். அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, அது 2024இல் செய்தியாகவும் வந்தது. ஆனாலும் அரிசியின் மேல் எனக்குள்ள பெரிய கோபம் வேறு. "வைத்தியம் நடக்கிறது" என்ற நிம்மதியைக் கொடுத்து மூன்று நாளை அது தின்றுவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக ஒரு கதை. பெரும்போகத்தில் வட்டையில் (வயல்வெளியில்) நின்ற ஒரு ஐயா, சாரத்து மடியில் செருகியிருந்த போனை வாய்க்காலில் விட்டுவிட்டார். சேறும் தண்ணீருமாக எடுத்தபோது திரை அணைந்திருந்தது. வாடியில் (வயல் குடிலில்) கரண்ட் இல்லை, சார்ஜ் போட வழியில்லை. சிம்மைக் கழற்றிக்கொண்டு, போனைச் சால்வையில் சுற்றி, பின்னேரமே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். பற்றரியைக் கழற்றி, மதர்போட்டை அல்ககோலால் கழுவித் துலக்கி, காயவைத்துப் பூட்டினேன். இன்றைக்கும் அந்தப் போனில்தான் பேசுகிறார். வாடியில் கரண்ட் இருந்திருந்தால் கதை வேறு.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். மழைத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. கடல் என்றால் இல்லை: ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வாவி இரண்டுக்கும் நடுவில், முகத்துவாரத்தை நெருங்க நெருங்க உப்பு ஏறும். பிளேன்டீ விழுந்தால் சீனி ஒட்டிக்கொள்ளும், அது இன்னொரு தலையிடி. கடலில் விழுந்த போனைக் காயவைத்துக் கொண்டுவருவதைவிட ஈரமாகவே கொண்டுவருவது மேல். உப்பு காய்ந்து இறுகினால் கழுவுவது கடினம்.

"என்ட போன் வோட்டர் புரூஃப் அண்ண" என்று பாசிக்குடாவில் கழுத்தளவு தண்ணீரில் செல்பி எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போன் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று சொல்லும் குறியீடு ஐபி. ஐபி 67 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். அதுவும் புதுப் போனுக்கு, அசையாத நல்ல தண்ணீரில், ஆய்வுகூடத்தில். அலைக்கும் உப்புக்கும் அந்தக் கணக்கு இல்லை. ஒரு தடவை கீழே விழுந்து விளிம்பு நெளிந்திருந்தால், அல்லது டிஸ்பிளே மாற்றியிருந்தால், உள்ளே இருக்கும் பசை முன்போல் தண்ணீரைத் தடுக்காது. தண்ணீர் போன போனுக்குக் கம்பனி வாரண்டியும் பொதுவாக இல்லை. உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டால் சிவந்துவிடும். பொய் சொல்லிப் பயனில்லை.

சரி, இரவு 10 மணிக்குக் கிணற்றடியில் விழுகிறது, கடையெல்லாம் பூட்டு. என்ன செய்யலாம்? எடுத்தவுடன் ஓஃப் பண்ணுங்கள். தானாக அணைந்திருந்தால் அப்படியே விடுங்கள். பின்மூடி கழலும் பழைய மாதிரி என்றால் பற்றரியைக் கழற்றுங்கள், பாதி வேலை முடிந்தது. உறை, சிம், மெமரி கார்ட் எல்லாவற்றையும் எடுத்து, துணியால் ஒற்றி, சார்ஜிங் பின் கீழே பார்க்கிற மாதிரி ஃபேன் காற்றில் சாய்த்து வையுங்கள். உதற வேண்டாம், ஊத வேண்டாம், தண்ணீர் இல்லாத மூலைக்கெல்லாம் அது போகும். ஹேர் டிரையரும் மத்தியான வெயிலும் பசையையும் பற்றரியையும் கெடுக்கும். பற்றரி வீங்கினாலோ சுட்டாலோ வீட்டுக்குள் வைக்காமல் முற்றத்து மணலில் வையுங்கள். காலையில் முதல் வேலையாகக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

ரீச்சருக்குப் போன் பெரிதில்லை. உள்ளே இருந்த படங்கள்தான் வேண்டும். இப்போதைய போன்களில் படங்கள் பூட்டுப்போட்ட மாதிரி அந்த மதர்போட்டோடேயே கட்டுண்டு கிடக்கின்றன, சில்லை மட்டும் கழற்றி வேறு போனில் போட்டு எடுக்க முடியாது. போட் உயிரோடு எழும்ப வேண்டும். இரண்டு நாள் கழுவி, அறுந்த இரண்டு கோடுகளுக்குக் கம்பி இழுத்து, வேறு பற்றரி கொடுத்தபோது திரை வெளிச்சம் வந்தது. உடனே கணினியில் இணைத்துப் படங்களை இறக்கத் தொடங்கினேன். ரீச்சர் கதிரையின் நுனியில் இருந்தபடி சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இறங்கியது. அடுத்த நாள் அந்தப் போன் எழும்பவில்லை.