கூரை போன பிறகும் நிற்கும் வளைவு

ஊர் கலைந்து, பூசை நின்றுபோன பங்குக் கோயில் (ஊர்க் கிறிஸ்தவ தேவாலயம்) ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணைக் கூசவைப்பது வெளிச்சம்தான். தலைக்கு மேலே நேராக வானம். பீடம் இருந்த இடத்தில் புல். ஆனால் ஜன்னல் வளைவுகள் மட்டும், கண்ணாடி ஒரு சில்லுகூட மிஞ்சாத நிலையிலும், அப்படியே நிற்கும்.

ஓர் ஓடு நழுவுவதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. ஆள் புழங்கும் கோயில் என்றால் யாராவது ஏறி மாற்றிவிடுவார்கள். இங்கே ஆளில்லை. ஒழுகும் நீர் மரத்தை ஊறவைக்கிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வாலாட்டாது. அதைத் தாண்டி ஈரம் தங்கிவிட்டால் மரம் உளுத்துப்போகும். சுவருக்குள் செருகிய உத்திர நுனிக்குத்தான் ஆபத்து அதிகம், அங்கே காற்றே படாது.

அப்புறம் சுவரின் முறை. பழைய கனத்த கல்சுவர்கள் பலவும் உள்ளே முழுக்கல் அல்ல. இருபுறமும் ஒழுங்காக அடுக்கிய கல், நடுவே சில்லுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கூரை போனதும் மழை நேராக அந்த வயிற்றுக்குள் இறங்குகிறது. சுத்தமான மழைநீரே லேசான அமிலம்தான். காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருப்பதால் அதன் பிஎச் அளவு (7க்குக் கீழே என்றால் அமிலம்) சுமார் 5.6. அது சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் வெள்ளைக் கோடாக வடியவிடும். தொட்டுப் பார்த்தால் ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும்: கரைந்தது மறுபடி கல்லாகிவிட்டது. குளிர்ப் பிரதேசத்தில் இன்னும் மோசம். உறையும் நீர் 9 சதவீதம் பெருத்து இடுக்குகளைப் பிளக்கும். நல்லது செய்வதாக நினைத்து இதன்மேல் சிமெண்ட் பூசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே செதில் செதிலாக உதிரும்.

சரி, வளைவு மட்டும் எப்படித் தப்பிக்கிறது? கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்துவதால், காரை கரைந்தாலும் எடையே அதைக் கட்டிப்போடுகிறது. தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் அதுதான் வளைவுக்கு ஏற்ற வடிவம் என்றார் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக். 1675இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராகத்தான் அச்சிட்டார், யாரும் தட்டிப் பறித்துவிடக் கூடாதே என்று!

ஆனால் வளைவு பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தடுப்பது இருபுறச் சுவர்கள். அவை விலகத் தொடங்கினால் உச்சிக் கற்களின் அடிப்பக்கம் வாய் பிளக்கும். அண்ணாந்து பார்க்கும்போது அந்த இடைவெளி தெரிந்தால் அதன் கீழே நிற்காதீர்கள், படத்தைத் தள்ளி நின்றே எடுங்கள்.