ஐப்பசித் தும்மலும் மெத்தைக்குள் இருக்கும் உப்பும்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கத்திரி வெயிலில் சும்மா இருக்கும் மூக்கு, ஐப்பசி மழையில் படுக்கையை உதறினாலே தும்முகிறதே, பாலாற்றுத் தூசியா?”

பெரும்பாலும் அல்ல. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசி உண்ணியின் வேலை அது. நீளம் சுமார் 0.3 மி.மீ, உணவு, நம் தோல் செதில். அதன் எச்சத்திலுள்ள புரதத்துக்கு எதிராக உடம்பு ஐஜிஇ (IgE) என்ற அலர்ஜி எதிர்ப்பான்களைத் தயாரித்து வைக்கிறது. மறுபடி அதே புரதம் மூக்கில் பட்டால் அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள், தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அவ்வளவுதான்.

அழகு வேறிடத்தில் இருக்கிறது. இந்த உண்ணி தண்ணீர் தேடிப் போவதில்லை, காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சுரப்பி உப்புக் கரைசலைக் கசிய விடும். அது வாய்க்கு ஓடும் வழியிலேயே, மழைக்கால உப்பு ஜாடி போல, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உண்ணி அதை விழுங்கிவிடும். காற்று வறண்டால் அதே உப்பு படிகமாகிச் சுரப்பியின் வாயை அடைத்து, உள்ளே இருக்கும் நீரைக் காக்கும். ஈரம் திரும்பினால் கரைந்து மறுபடி ஓடும். நாளுக்குச் சில மணி நேர ஈரமே அதற்குப் போதும். அதுவும் கிடைக்காமல் வறட்சி நீடித்தால் காய்ந்து சாகும்.

அதனால்தான் வேலூர் வெயில் நமக்குச் சாதகம். அதையும் கெடுப்பது, ஜன்னலை அடைத்துவிட்டு ஓட்டும் ஏர் கூலர்; அது அறைக்குள் ஈரத்தைச் சேர்த்துவிடும். கூலர் ஓடினால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் இருபுறமும் காய வையுங்கள். உண்ணி சாகும், எச்சம் சாகாது. எனவே தட்டி உதற வேண்டும். அதை அலர்ஜி இல்லாதவர் மாஸ்க் போட்டுச் செய்யட்டும். உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். கொதிநீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். கை வைக்காதீர்கள்.

சாம்பிராணி போட்டால் சரியாகும் என்பது வீண் நம்பிக்கை. வீங்கிய மூக்கைப் புகை இன்னும் எரிச்சலூட்டும்.

மூச்சு இழுத்தாலோ நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அவர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே எழுதிக்கொடுத்தால், தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் நோக்கி அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியலாம். முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே “கேட்கவில்லை” என்று நிறுத்திவிடாதீர்கள்.