பழைய கட்டடத்தில் ஸ்டூடியோ வாடகைக்கா? வயதை விடுங்கள், மாற்றங்களைப் பாருங்கள்

பெருநகரத்தின் பழைய பகுதியில் ஒரு ஸ்டூடியோ அபார்ட்மென்ட்டைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் என்னைக் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நூறு வருஷக் கட்டடமாம் சார், இடிந்து கிடிந்து விழாதே?"

கட்டடங்களை ஆய்வு செய்வது என் தொழில். தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டி, கூரையையும் தண்ணீர்க் குழாய்களையும் ஒழுங்காகப் பராமரித்தால் ஒரு கட்டடம் நூறு வருஷத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அதைக் கட்டியவரின் வேலையை நான் அவ்வளவாகச் சந்தேகிப்பதில்லை. பிற்பாடு அதை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டவர்களின் வேலையைத்தான் துருவிப் பார்ப்பேன்.

முன்பு ஒரே குடும்பம் இருந்த வீடாக இருக்கும். ஒரு சமையலறையும் ஒன்றிரண்டு குளியலறையும் போதும் என்று கட்டியிருப்பார்கள். இப்போது அதே வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் தனிச் சமையல் மேடை, தனிக் கழிப்பறை, கீஸர், ஏசி. இத்தனைக்கும் தேவையான குழாயும் கம்பியும் பின்னால் நுழைத்தவை. குளியலறைக்குள் போக ஒரு படி ஏற வேண்டியிருந்தால், கழிவுக் குழாய்க்குச் சரிவு கொடுக்கத் தரையை உயர்த்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அது தப்பில்லை. ஆனால் அந்தத் தளத்தை மர உத்தரங்கள் தாங்கினால், கசிவு சிறிதாக இருந்தாலும் சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனை மெல்ல இற்றுப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் நான் முதலில் கீழ்வீட்டுக்குப் போய், குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையைப் பார்ப்பேன். நீங்களும் கதவைத் தட்டிக் கேளுங்கள். புரோக்கர் சொல்லாததைக் கீழ்வீட்டுக்காரர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

உங்கள் தலைக்கு மேலும் பாருங்கள். உயரமான பழைய அறையில் புது ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அழகுக்காகவும் இருக்கலாம். ஒரு வீட்டில் விளக்குக்காக வெட்டிய ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்தபோது, மேல்தளக் கசிவில் காரை முழுக்க உப்பிப் பெயர்ந்து தொங்கியது. வாடகைக்கு வரவிருந்தவர் கட்டிலைப் போட நினைத்ததும் அதன் கீழேதான்.

ஓதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இதில்தான். பழைய சுவர்கள் பலவற்றின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும். இந்த வரவு செலவு சமமாக இருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. அதன்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது மேலும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்பளித்து உரியும். எனவே தரைத்தளச் சுவரில் இடுப்பு உயரம்வரை மட்டும் புதுப் பெயின்ட்டோ புது டைல்ஸோ இருந்தால் உஷாராகுங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள், பூஞ்சை வாடை மறையாது. ஒற்றை அறை வீட்டில் கட்டிலை எப்படியும் ஏதோ ஒரு சுவரை ஒட்டித்தான் போடுவீர்கள், இரவு முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பீர்கள். வீடு பார்க்க நல்ல நேரம், கனமழை பெய்த மறுநாள்.

மின்சாரத்துக்கு வருவோம். பழைய ரப்பர் உறைக் கம்பிகள் காலப்போக்கில் காய்ந்து நொறுங்கும். சுவரில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். முகப்பை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே பழைய இரட்டைக் கம்பியையே விட்டுவைத்த வீடுகள் உண்டு. உங்கள் அறைக்குத் தனி மின்பெட்டி இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் எதிரிலேயே அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். துண்டிக்கவில்லை என்றால் அதை மாற்றி, ஒயரிங்கையும் ஒரு எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகுதான் குடிபோக வேண்டும்.

ஸ்டூடியோவில் சமைக்கும் இடமும் தூங்கும் இடமும் ஒன்றே. கேஸில் ஓடும் கீஸர் இருந்தால் அதன் புகைக்குழாய் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குபவர் எழாமலே போகலாம். வெளிக்காற்றுக்குத் திறக்கும் ஜன்னல் இல்லாத அறையில் அப்படி ஒரு கீஸர் இருந்தால், வாடகை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மற்ற இடங்களில் இந்த வாயுவைக் கண்டறியும் ஓர் அலாரம் வாங்கி மாட்டுங்கள். நியூயார்க் நகரம், புதிதாகக் கட்டும் அடுக்கு வாடகைக் குடியிருப்புகளில் எல்லா அறைக்கும் வெளியே திறக்கும் ஜன்னல் வேண்டும் என்று 1901-லேயே சட்டம் போட்டது. இன்றும் பெரிய அறையை இரண்டாகத் தடுத்து, பின்பாதியை ஜன்னலே இல்லாமல் வாடகைக்கு விடுகிறார்கள்!

குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் ஜன்னல் சட்டங்களில் உரியும் பழைய பெயின்ட்டைக் கவனியுங்கள். அமெரிக்காவில்கூட வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல்தான். இவ்வளவு ஈயம் உடலில் சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி அறை முழுக்கப் பரவும். அப்படியே விட்டுவிட்டு உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

பரப்பளவுக் கணக்கிலும் ஒரு வித்தை உண்டு. உயரமான அறையில் பரண் அடித்துக் கட்டில் போட்டு, அதையும் சதுர அடியில் சேர்த்துச் சொல்வார்கள். பிரான்ஸில் வாடகைக்கு விடும் வீட்டில் ஒரு முக்கிய அறையாவது 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவும் கொண்டிருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்க முடியாத இடம் பரப்பில் சேராது என்பதுதான் நியாயமான கணக்கு. டேப் எடுத்துப் போங்கள். பரணில் இன்னொரு சங்கடம், தீப்பிடித்தால் புகை முதலில் போய்ச் சேருவது அங்கேதான். படிக்கட்டு மரத்தாலான ஒன்றே ஒன்றா, வழியில் சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடைத்திருக்கிறதா என்பதை இறங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒப்பந்தம். பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிட்டிருந்தால் ஜன்னலை மாற்றவும், முகப்பில் ஏசியின் வெளி யூனிட்டை மாட்டவும் உரிமையாளருக்கே அனுமதி தேவைப்படலாம். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பதிலை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். ஓதம், குழாய், ஒயரிங் பழுதுகளின் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு சுவரையும் கூரையையும் படமெடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் என்று பேச்சு வந்தால், தேதியோடு இருக்கும் அந்தப் படங்களைக் காட்டிப் பேசலாம்.