உப்பீனி: ஹேலோஆல்கேனுக்குள் இருக்கும் உப்பு

பெங்களூர் அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டாம் பியூசி, அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். வேதியியலை ஆங்கிலத்தில் படித்துவிட்டு சந்தேகத்தை மட்டும் தமிழில் கேட்பாள். போன வாரம் ஹேலோஆல்கேன் பாடத்தை எடுத்துக்கொண்டு வந்து, "குளோரின் இருக்கு, புரோமின் இருக்கு, இந்த ஹேலோங்கிறது எதுண்ணா?" என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பாடத்தில் பாதி விளங்கிவிடும் என்பதால் உட்கார வைத்துச் சொன்னேன்.

ஹேலோ என்பது ஹாலஜனின் சுருக்கம். கிரேக்கத்தில் 'ஹால்ஸ்' என்றால் உப்பு, 'ஜென்' என்றால் பிறப்பிப்பது. 1811இல் ஷ்வைகர் என்ற ஜெர்மானியர் குளோரினுக்குச் சொன்ன பெயர், பின்னால் ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் முதலான குடும்பம் முழுவதற்கும் ஆகிவிட்டது. தமிழில் இதற்கு உப்பீனி என்று சொல் இருக்கிறது. பசு கன்று ஈனுகிறது, வாழை குலை ஈனுகிறது என்கிறோமே, அதே ஈனுதல்தான். ஆலசன் என்று ஒலியை மட்டும் மாற்றி எழுதுவதும் உண்டு, ஆனால் அதில் பொருள் எதுவும் மிஞ்சுவதில்லை, எனக்கு உப்பீனிதான் பிடித்திருக்கிறது. பெங்களூரில் இன்னொரு வசதி, கன்னடத்திலும் உப்பு உப்புதான், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் அப்படியே சொல்லிவிடலாம்.

ஆல்கேன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் ஒற்றைப் பிணைப்புகளால் சேர்ந்த சேர்மம், அதில் ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் உப்பீனி உட்கார்ந்தால் ஹேலோஆல்கேன். ஆல்கேன் என்ற பெயர் ஆல்கைலிலிருந்து வந்தது, ஆல்கைல் ஆல்கஹாலிலிருந்து வந்தது. ஆல்கஹாலோ 'அல்-குஹ்ல்' என்ற அரபுச் சொல், கண்ணுக்கு இடும் மை! இதை மட்டும் தமிழாக்க வேண்டாம், ஆல்கேன் என்பது பெயரிடும் முறையோடு பின்னிக் கிடக்கிறது. உப்பீனி ஆல்கேன் என்றால் போதும்.

சரி, இதில் உப்பு எங்கே? இந்த வகையில் ஒன்றான புரோமோஈத்தேன் உப்பே இல்லை, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத ஒரு திரவம். ஆனால் அதை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு சூடாக்கினால் எத்தனாலும் சோடியம் புரோமைடும் கிடைக்கும். வந்துவிட்டது உப்பு. கார்பனிடமிருந்து புரோமின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் கார்பனில் கொஞ்சம் எலக்ட்ரான் குறை விழுகிறது, அந்தக் குறையைத் தேடி ஹைட்ராக்சைடு வந்து ஒட்ட, புரோமின் புரோமைடாகப் பிரிந்து சோடியத்தோடு சேர்கிறது. இப்படித் தேடி வருவதை ஆங்கிலத்தில் நியூக்ளியோஃபைல் என்பார்கள், தமிழ்நாட்டுப் பாடநூல் கருக்கவர் பொருள் என்கிறது, இலங்கையில் கருநாடி என்பார்கள். மூலச் சொல்லில் 'ஃபைல்' என்பது நேசம், அதனால் நாடி என்பது இன்னும் நெருக்கமாகப் படுகிறது. ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால், இப்படி ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரும் பதிலீட்டோடு, புரோமினும் பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜனும் வெளியேறும் நீக்கமும் நடந்து, இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன் வரும், ஆனால் அங்கேயும் பொட்டாசியம் புரோமைடு உண்டு.

அடுத்து அவள் தடுமாறிய இடம், இங்கே பலரும் தடுமாறுவார்கள். எலக்ட்ரானை அதிகமாக இழுப்பது ஃபுளூரின், அப்படியானால் அதுதானே வேகமாக வினைபுரிய வேண்டும்? இல்லை, நேர் எதிர். பிணைப்பு உடைய வேண்டுமே! மெத்தில் சேர்மங்களில் கார்பன்-ஃபுளூரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 452 கிலோஜூல் வேண்டும், குளோரினுக்கு 351, புரோமினுக்கு 293, அயோடினுக்கு 234 போதும். அயோடின் அணு பெரியது, பிணைப்பு நீளமாகி பலம் குறைந்துவிடுகிறது, அப்புறம் பிரிந்துபோகும் அயோடைடும் தன் மின்சுமையைப் பெரிய உருவத்தில் பரப்பி நிம்மதியாக இருக்கும். அதனால் வினைத்திறனில் அயோடோ முதலில், பின் புரோமோ, குளோரோ, கடைசியில் ஃபுளூரோ. தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசும் டெஃப்லான் அசைந்து கொடுக்காததும் கார்பன்-ஃபுளூரின் பிணைப்பின் பலத்தால்தான்.

உப்பையே கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. எத்தனாலில் கரைத்த வெள்ளி நைட்ரேட்டோடு சேர்த்து வெதுவெதுப்பாக வைத்தால் அயோடோ சேர்மத்தில் மஞ்சள் வீழ்படிவு முதலில் வரும், புரோமோவில் வெளிர்மஞ்சள் கொஞ்சம் பொறுத்து, குளோரோவில் வெள்ளை இன்னும் தாமதமாக. மூன்றும் வெள்ளியின் உப்புகள். குளோரோபென்சீனில் மட்டும் ஒன்றும் வராது, அங்கே குளோரினின் எலக்ட்ரான்கள் பென்சீன் வளையத்தோடு பங்கு போட்டுக்கொண்டு பிணைப்பை இறுக்கிவிடுகின்றன, அந்த உப்பீனி அவ்வளவு எளிதில் உப்பை ஈனாது.