காமிக்ஸ், பேதே, வரைகதை

மொரீசியசில் வளரும் பிள்ளை, கட்டம் கட்டமாகப் படமும் உரையாடலும் ஓடும் கதைநூலை ஆங்கிலவழியில் 'காமிக்ஸ்' என்றும், பிரெஞ்சுவழியில் 'பேதே' என்றும் அறிந்திருக்கிறது. தமிழ் வகுப்பில் அதற்கு ஒரு சொல் கேட்டபோது, முன்பு நான் 'நகைச்சுவைப் படக்கதை' என்றே எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் ஒரு மாணவி, போர்க்காலக் கதையொன்றை விரித்து, குண்டு விழுந்த தெருவைச் சொல்லின்றிக் காட்டிய கட்டத்தில் விரலை வைத்து, "இதில் நகைச்சுவை எங்கே, சேர்?" என்று கேட்டாள். அன்றே அச்சொல்லைக் கைவிட்டேன்.

பிழை ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. 'காமிக்' என்பது களியாட்டத்தைக் குறித்த 'கோமோஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளில் சிரிப்புப் படங்கள் இடம்பெற்றன. 1895இல் நியூயார்க் வேர்ல்ட் இதழில் தோன்றிய 'மஞ்சள் பையன்' அவற்றுள் பெரும்புகழ் பெற்றவன். அந்தச் சிரிப்பால் வந்த பெயர், 1938இல் சூப்பர்மேன் தோன்றி வீரசாகசக் கதைகள் பெருகிய பின்னும், 1954இல் திகில் கதைகளும் குற்றக் கதைகளும் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்ற கண்டனத்துக்கு அஞ்சிப் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்ட பின்னும் மாறவேயில்லை. நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய தந்தையின் வாழ்வைச் சொல்லி 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற 'மௌஸ்' நூலுக்கும் அதே பெயர்தான்.

'பேதே' என்பது 'பாந்த் தெசினே' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். 'வரையப்பட்ட பட்டை' என்று பொருள்படும். இது கதையின் சுவையைச் சொல்லாமல் அது ஆக்கப்படும் முறையைச் சொல்கிறது. ஆகவே, 1960களில் பிரெஞ்சு எழுத்தாளர்கள் இதை 'ஒன்பதாம் கலை' என்று உயர்த்திப் பேசத் தொடங்கியபோது, பழைய பெயர் அந்த மதிப்புக்குத் தடையாக நிற்கவில்லை. நம் அண்டைத் தீவான ரெயூனியனில் 1986இல் பல்லியின் பெயரைத் தாங்கித் தொடங்கிய 'லெ க்ரி த்யூ மார்கூயா' என்ற பேதே இதழும் இந்த மரபில் வந்ததே.

தமிழில் 'படக்கதை' எளிய சொல். ஆனால் 'படம்' என்றதும் இன்று திரைப்படமே முதலில் நினைவுக்கு வருகிறது. 'சித்திரக்கதை' நன்கு வேரூன்றிய சொல். அதைப் பிழையென நான் சொல்லமாட்டேன். எனினும் 'வரைகதை' என்பதையே நான் விரும்புகிறேன். 'ஊறுகாய்' போல இது வினைத்தொகை: வரைந்த கதை, வரைகின்ற கதை, வரையும் கதை என மூன்று காலமும் அதில் மறைந்து நிற்கின்றன. பிரெஞ்சுச் சொல் இறந்தகாலத்தோடு நின்றுவிட, தமிழ்ச்சொல் வரையும் கையின் அசைவையும் உடன் கொண்டுவருகிறது. பேச்சில் 'காமிக்ஸ்' இருக்கட்டும். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் அச்சொல்லைத் தமிழ் வாசகரின் சொந்தச் சொல்லாகவே ஆக்கிவிட்டது. கட்டுரையிலும் பாடத்திலும் வரைகதை, வரைகதையாளர், வரைகதை இதழ் என்று எழுதலாம். நாளிதழில் வரும் மூன்று நான்கு கட்டத் துணுக்கை 'வரைகதைப் பட்டை' எனலாம்.