'என் கார்டிலேயே இன்ஷூரன்ஸ் இருக்கு': வாடகைக் கார் எடுக்கும் முன்

வாடகைக் கார் கவுன்ட்டரில் இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டால், "என் கிரெடிட் கார்டிலேயே இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்குபவர்கள் நிறைய. இருக்கலாம்தான். கிளைம் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. நிராகரிக்கப்படுபவற்றில் பல, சாவி வாங்கும் அந்த இடத்திலேயே கெட்டுப்போனவை.

பொதுவாகக் கார்டு தருவது நீங்கள் ஓட்டும் அந்த வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் மட்டும்தான். நீங்கள் இடித்த இன்னொருவர் வண்டிக்கோ, அடிபட்டவரின் மருத்துவச் செலவுக்கோ அது வராது. அதற்கு மூன்றாம் நபர் காப்பீடு தனியாக வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' சொல்வதுதான் பெரிய ஆபத்து.

அப்புறம், வண்டி சேதமானால் உங்களிடம் பணம் கேட்கமாட்டோம் என்று வாடகை நிறுவனம் விற்கும் சேதப் பொறுப்பு விலக்கை, அதாவது சி.டி.டபிள்யூ.வை, நீங்கள் மறுத்திருக்க வேண்டும் என்பது பல கார்டுகளின் நிபந்தனை. ஊழியர் திரையைத் திருப்பி "இங்கே, இங்கே" என்று காட்டும்போது படிக்காமல் கையெழுத்திட்டால், மறுத்ததாக நினைத்தது ஒப்பந்தத்தில் 'ஏற்றுக்கொண்டார்' என்று பதிவாகியிருக்கும். கார்டின் பாதுகாப்பு அங்கேயே போச்சு. முழு வாடகையும் அதே கார்டில் போயிருக்க வேண்டும். கார்டுக்காரரே முதன்மை வாடகைதாரராகவும் இருக்க வேண்டும். மனைவி பெயரில் ஒப்பந்தம், கணவர் கார்டில் பணம் என்றால் சிக்கல்தான்.

எதற்கெல்லாம் பாதுகாப்பு இல்லை என்பது கார்டுக்குக் கார்டு மாறும். பெரிய வேன், லாரி, மோட்டார் சைக்கிள், மிக விலையுயர்ந்த கார் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஒப்பந்தத்தில் பெயரில்லாதவர் ஓட்டினாலும் கிடையாது. அயர்லாந்து, இஸ்ரேல், ஜமைக்கா ஆகிய நாடுகளை விலக்கும் கார்டுகள் உண்டு. அமெரிக்காவில் வழங்கப்படும் பல விசா கார்டுகளில் சொந்த நாட்டில் 15 நாள், வெளிநாட்டில் 31 நாள் என்பதுதான் வாடகைக் கால வரம்பு. அதைத் தாண்டினால் கூடுதல் நாட்களுக்கு மட்டுமல்ல, மொத்த வாடகைக்குமே பாதுகாப்பு இல்லாமல் போகலாம்.

உங்களுக்குச் சொந்தக் கார் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். சில கார்டுகள் முதலில் உங்கள் சொந்த வாகனக் காப்பீட்டைக் கேட்கச் சொல்லும். மீதியைத்தான் அவை தரும்.

சரி, விபத்து நடந்துவிட்டது. வண்டியைத் திருப்பித் தரும்போது நான்கு பக்கமும், சக்கரம், கண்ணாடி, கிலோமீட்டர் அளவு எல்லாவற்றையும் படமெடுங்கள். வண்டியை வாங்கியபோதும் இதே படங்களை எடுத்திருந்தால்தான் பழைய கீறல் எது, புதிது எது என்று வாதிட முடியும். ஒப்பந்தம், இறுதி பில், போலீஸ் புகார், பழுது மதிப்பீடு, கார்டு ஸ்டேட்மென்ட் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பழுதுபார்க்கும் நாட்களுக்கான வருமான இழப்பையும் நிறுவனம் கேட்கும். அந்த நாட்களில் வண்டிக்கு உண்மையில் தேவை இருந்தது என்று காட்டும் பயன்பாட்டுப் பதிவேடு இல்லாமல் பல கார்டுகள் அதைத் தராது. அந்தப் பதிவேட்டை எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனத்தின் பில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது பல வாரம் கழித்துக்கூட வரும். கார்டின் காப்பீட்டாளருக்குத் தகவல் சொல்லும் கெடுவோ விபத்து நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.