சக்கையிலிருந்து சாராயம்

கரும்பு ஜூஸ் கடையில் ஒரே கரும்பை மடித்து மடித்து நாலைந்து தடவை இயந்திரத்துக்குள் விடுவார்கள். கடைசியில் விழும் சக்கையைத் தொட்டால் நார் நாராக, வறண்டு கிடக்கும். இனி இதில் இனிப்பே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அதை நன்றாகக் காயவைத்து எடை போட்டால், பாதிக்கு மேல் சர்க்கரைதான். நாக்குக்கு எட்டாதபடி சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சங்கிலி இரண்டு வகை. ஏறத்தாழ 40 சதவீதம் செல்லுலோஸ். அதை உடைத்தால் குளுக்கோஸ். இன்னொரு 25 முதல் 30 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ். அதை உடைத்தால் பெரும்பாலும் சைலோஸ். குளுக்கோஸில் 6 கார்பன் அணுக்கள், சைலோஸில் 5. சாராயத்தை, அதாவது எத்தனாலை, எரிபொருளாகக் காய்ச்ச முயன்ற ஆய்வாளர்களை இந்த ஒரு கார்பன் குறைவு பல காலம் படுத்தி எடுத்தது. காலங்காலமாக நமக்குச் சாராயம் தரும் ஈஸ்ட், குளுக்கோஸைத் தின்று முடித்துவிட்டு சைலோஸைத் தொடாமல் விட்டுவிடும். மூன்றில் ஒரு பங்குச் சர்க்கரைக்குக் குறையாமல் வீண்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் பேராசிரியர் லோனி இங்கிராம் 1980களில் இதை மறுபக்கத்திலிருந்து பிடித்தார். ஈஸ்டுக்குப் புதுச் சாப்பாடு பழக்குவானேன்? ஏற்கெனவே எதையும் தின்னும் ஒரு கிருமிக்குச் சாராயம் காய்ச்சக் கற்றுக்கொடுத்தால் போதாதா? நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா அப்படிப்பட்டது. குளுக்கோஸ், சைலோஸ், அரபினோஸ் என்று எந்தச் சர்க்கரையைப் போட்டாலும் தின்னும். ஒரே குறை, காற்றில்லாத இடத்தில் அது எத்தனாலைக் கொஞ்சமாகவும், லாக்டிக், அசிட்டிக் போன்ற அமிலங்களை நிறையவும் வெளியே தள்ளும்.

சாராயம் காய்ச்சும் வித்தையை அவர் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்து எடுத்தார். கள் நுரைப்பதில் ஈஸ்டோடு சேர்ந்து இதற்கும் பங்கு உண்டு. எடுத்தது இரண்டே மரபணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு நொதியை, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதத்தை, செய்யச் சொல்லும் குறிப்பு. இரண்டையும் ஈ.கோலைக்குள் புகுத்தினார்.

எந்தச் சர்க்கரையைத் தின்றாலும் செல் அதைப் பெரும்பாலும் பைருவேட் என்ற சின்ன மூலக்கூறாக உடைக்கிறது. பல பாதைகள் பிரியும் சந்திப்பு அது. புதிதாக வந்த முதல் நொதி பைருவேட்டிலிருந்து கார்பன் டைஆக்சைடைக் கழற்றி அசிட்டால்டிஹைடு ஆக்கும். இரண்டாவது நொதி அதில் ஹைட்ரஜனைச் சேர்க்கும். எத்தனால் தயார்.

சரி, அமிலம் செய்யும் பழைய நொதிகளும் உள்ளேயேதான் இருக்கின்றன. அவை ஏன் விட்டுக்கொடுக்கின்றன? எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே பிடித்த இடம் இதுதான். லாக்டிக் அமிலம் செய்யும் நொதிக்கு பைருவேட் நிறையச் சேர்ந்தால்தான் வேகம் வரும். சைமோமோனாஸ் நொதியோ துளி கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். இலை போட்டதுமே பந்தியில் உட்காருகிறவனுக்கு முன்னால், கூட்டம் சேரட்டும் என்று வாசலில் நிற்பவனுக்கு என்ன மிஞ்சும்?

இந்த ஆய்வு 1987இல் வெளியானது. 1991 மார்ச்சில் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின் எண் 50,00,000. அரசு அலுவலகத்து வரிசை எண்ணுக்குக்கூட அதிர்ஷ்டம் இருக்கும் போல. அப்புறம் வந்த கேஓ11 என்ற ஈ.கோலை வகையில் மரபணுக்களை பாக்டீரியாவின் குரோமோசோமிலேயே பதித்து, சக்சினிக் அமிலத்துக்குப் போகும் பாதையையும் அடைத்தார்கள். 100 கிராம் சர்க்கரையிலிருந்து கணக்குப்படி அதிகபட்சம் 51 கிராம் எத்தனால்தான் வரும். மீதி கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும். சைலோஸுக்கும் இதே கணக்குதான். கேஓ11 அந்த எல்லையை நெருங்கியது.

ஆனால் ஆய்வகச் சர்க்கரை வேறு, சக்கை வேறு. சக்கையை நீர்த்த அமிலத்தில் சூடாக்கினால் ஹெமிசெல்லுலோஸ் உடையும். சூடு கொஞ்சம் கூடினால் சைலோஸ் சிதைந்து ஃபர்ஃபூரால் ஆகிவிடும்; அது பாக்டீரியாவுக்கு நஞ்சு. செல்லுலோஸை உடைக்கவோ பூஞ்சையிலிருந்து எடுத்த நொதிகளைத் தனியாக ஊற்ற வேண்டும். செலவு கையைக் கடிக்கும்.

ஃபர்ஃபூராலோடு இங்கிராமின் ஆய்வகம் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது. ஈ.கோலையிடம் அந்த நஞ்சை முறிக்கும் நொதி ஏற்கெனவே உண்டு. ஆனால் அது என்ஏடிபிஹெச் என்ற பொருளைச் செலவழிக்கிறது. செல் தன் உடம்பைக் கட்டிக்கொள்ளவும் அதே பொருள்தான் வேண்டும். நஞ்சை முறிக்கிற வேகத்தில் வளர்ச்சிக்கான கையிருப்பு காலியாகிவிடுகிறது. 2009இல் வெளியான ஆய்வில், நஞ்சு முறிக்கும் அந்த மரபணுக்களையே அடக்கிப் பார்த்தார்கள். ஃபர்ஃபூரால் கலந்த வளர்ப்புக் கரைசலில் பாக்டீரியா முன்பைவிட நன்றாக வளர்ந்தது.